ஈரத்துணிக்கு விடை கொடுத்தோம்

எங்கள் மாமனார் ஆசையாய் வாங்கிய அம்பாஸடர் கார் இன்னும் ஒரத்தநாட்டு வீட்டு வாசலில் நிற்கிறது. 2014-லேயே கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. என்னவருக்கோ விற்க மனசில்லை.

சித்திரை வெயிலில், என்ஜினை ஒட்டியிருக்கும் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதனால் தஞ்சாவூர் கிளம்பினால் என் காலடியில் தூக்குவாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும்! துணியை நனைத்துப் பம்ப்பின் மேல் போட்டுக் கால் மணி காத்திருக்க வேண்டும்.

போன வருஷம் மாமாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரி போகும் வழியில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நின்றது பாருங்கள், எனக்குக் கைகால் உதறிவிட்டது. யாரோ புண்ணியவான் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுவாரமே டாங்க் பக்கத்தில் மின்சார பம்ப் வைத்தோம். அங்கே சூடு இல்லை. பெட்ரோலை இழுக்காமல் தள்ளிவிடுமாம். கார்புரேட்டருக்கு மெதுவாகத் தள்ளுவதுதான் சரி, புதுக் கார் பம்ப் வைத்தால் பெட்ரோல் வழிந்துவிடும் என்றார் மெக்கானிக்.

"வண்டி எங்காவது மோதினால் பம்ப் நிற்குமா தம்பி?" என்றேன். (கேஸ் அடுப்போடு பழகிய புத்தி!) அப்புறம்தான் தனி பியூஸும், இடித்தால் தானே அணையும் ஸ்விட்சும் வந்தன.

இப்போது சாவி போட்டதும் பின்னால் 'டிக் டிக்' என்று கேட்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் மாமா ஏறி உட்காருகிறார்.