இருக்கையின் கீழ் ஒரு காவலன்

தலைநகரில் பசும்புல் தரைகளைப் பேணும் பணியில் பல்லாண்டு கழித்தவன் நான். அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி கிளம்ப மறுத்தால், பழுது எஞ்சினில்தான் என்று முடிவு கட்டுவோர் பலர். முதற்கண் நோக்கத்தக்கது பாட்டரியே. ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பாட்டரி நிறைவாக மின்னேற்றம் பெற்றிருப்பின் மீட்டர் ஏறத்தாழ 12.6 காட்டும். அவ்வாறிருந்தும், சாவியைத் திருப்புகையில் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்குமாயின், சாவியை எடுத்துவிட்டு, பாட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துலக்குதல் வேண்டும். சட்டத்தோடு சேரும் எர்த் கம்பியை இறுக்குதலும் வேண்டும். ஒலியே இல்லையேல், ஃபியூஸையும் காப்புச் சுவிட்சுகளையும் சோதிக்க வேண்டும். பிரேக் மிதியில் ஒன்று, வெட்டலகின் விசையில் ஒன்று, இருக்கையின் கீழ் ஒன்று எனப் பெரும்பாலும் அவை அமைந்திருக்கும்.

குலுக்கலிலும் ஈரத்திலும் நலிவது இருக்கைச் சுவிட்சு. “ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, ஐயா” என்றார் உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர். வண்டி கிளம்பும், அதில் ஐயமில்லை. ஆயினும், அலகு சுழல்கையில் ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அச்சுவிட்சே. அதனை ஊமையாக்கிய வண்டி விழுந்தவர் மேலும் ஏறும். நான் இசையவில்லை. புதுச் சுவிட்சு வர நான்கு நாட்கள் ஆயின. புல் சற்று வளர்ந்தது, அவ்வளவே. ஊரை விட்டு வந்து உழைக்கும் நம் பிள்ளைகள் முழு உடலோடு வீடு திரும்புவதினும் அவசரமான வேலை வேறில்லை என்பது என் துணிபு.