இறக்கைக்கு எந்தத் துணி?

மும்பையில் மொட்டை மாடி என்றால் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, வெயிலில் காயும் வடாம். காந்திவலியின் சார்கோப் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் மட்டும் இவற்றோடு ஒரு விமானமும் இருந்தது. விமானி அமோல் யாதவ், ஆறு பேர் உட்காரக்கூடிய விமானத்தை அங்கேதான் கட்டினார். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அதைக் கீழே இறக்கி பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நிறுத்தியபோது ஊரே திரும்பிப் பார்த்தது. பதிவு எண் கைக்கு வர 2017 நவம்பர் ஆயிற்று.

வீட்டிலேயே விமானம் கட்ட முடியும் என்று மும்பைக்கு நிரூபித்தவர் யாதவ். ஆனால் அவருடைய விமானம் உலோகத்தாலானது. ஆறு பேருக்கான விமானத்துக்கு அது பொருத்தம். ஒருவரோ இருவரோ பறக்கும் சின்ன விமானத்தைக் கட்ட நினைப்பவர், எஃகுக் குழாயிலோ மரத்திலோ சட்டம் செய்து மேலே துணி போர்த்துவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க மாட்டார். எடை குறைவு, செலவு குறைவு. கிழிந்தால் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு சரி செய்துவிடலாம்.

துணி என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. விமானத்தின் சரித்திரத்தில் பாதி துணியின் சரித்திரம்தான். 1903-ல் ரைட் சகோதரர்களைத் தூக்கிச் சென்றது சாதாரண பருத்தி மஸ்லின். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜுஹுவில் வந்து இறங்கிய புஸ் மாத் விமானமும் துணி போர்த்தியதே. அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். 1958-ல் முதலில் பறந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் 'புஷ்பக்' இந்தியாவின் பறக்கும் சங்கங்களில் பல மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத் தந்தது. அதன் உடம்பும் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய துணிதான்.

ஆக, துணி போதுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எந்தத் துணி என்பதில்தான் சிக்கல்.

துணிக்கு மும்பையில் பஞ்சமா என்று தோன்றும். மில்களால் வளர்ந்த ஊர் இது. மாதுங்காவிலேயே 1924-ல் பருத்தி ஆராய்ச்சிக்கூடம் வந்துவிட்டது. இன்று அதன் பெயர் மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்திலேயே 1933-ல் பம்பாய் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்பத் துறை, துணிச் சாயம், பூச்சு விஷயங்களில் தலைமுறை தலைமுறையாக நிபுணர்களை உருவாக்கியது. தாராவியின் சந்துகளில் இரவு பகலாகத் தையல் மெஷின் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜோடி இறக்கைக்குத் துணி கிடைக்காமலா போகும்?

கிடைக்கும். ஆனால் போர்த்தக் கூடாது. காரணம் தெரிய வேண்டுமானால் பருத்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

விமானத்துக்கான பழைய பருத்தித் துணிக்கு 'கிரேடு ஏ' என்று பெயர். ஓர் அங்குல அகலமுள்ள பட்டை 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ இழுவையைத் தாங்கினால்தான் புதுத் துணி தேறும். பழசாகிப் பழசாகி 56 பவுண்டுக்குக் கீழே போனால் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்த வேண்டும். பருத்தியின் பலத்தைத் தின்பவை மூன்று: வெயில், பூஞ்சை, அமில வாடை. மும்பையில் மூன்றும் இலவசம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்தில் ஊறும் ஊர். அலமாரியில் வைத்த தோல் செருப்புக்கே பூசணம் பூக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் பக்கத்தில் இருக்கும் செம்பூரின் காற்றைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் போதும். ஜே.ஆர்.டி. காலத்திலேயே மழைக்காலம் வந்தால் ஜுஹு களம் தண்ணீரில் மூழ்கும். விமானங்கள் புணேவுக்கு இடம் பெயரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்பவர்களுக்கு அது எளிதில் புரியும். ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்கிறது, வறண்டால் இறுகுகிறது. பருத்தியும் லினனும் ஏறக்குறைய இதே குணம். மிருதங்க வித்வான் கல்லால் தட்டி சுருதி சேர்த்துக்கொள்வார். ஆயிரம் அடி உயரத்தில் இறக்கைக்கு சுருதி சேர்க்க முடியாது.

பாலியஸ்டர் வந்த பிறகு பருத்தியைத் தேடிப் போவது பழைய விமானங்களைப் பழையபடியே காப்பாற்ற விரும்புகிறவர்கள்தான். பாலியஸ்டரைப் பூஞ்சை தின்னாது. ஈரம் தளர்த்தாது. எடையிலும் லாபம்: கிரேடு ஏ பருத்தி சதுர மீட்டருக்கு சுமார் 135 கிராம் என்றால், சின்ன விமானங்களுக்குப் போதுமான பாலியஸ்டர் 92 கிராம், மிக லேசான விமானங்களுக்கு 58 கிராம் ரகம்கூட உண்டு. இதன் ஒரே பெரிய எதிரி சூரியன். புறஊதாக் கதிர் பட்டால் இற்றுப் போகும். அதனால்தான் நிறப் பூச்சுக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு பூசுகிறார்கள். அது அழகுக்கு அல்ல, குடை.

அப்படியானால் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் பாலியஸ்டர் வாங்கினால் என்ன? கையில் தொட்டால் வித்தியாசம் தெரியாது. விலையோ பல மடங்கு குறைவு. வித்தியாசம் இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போது தெரியும். சட்டைத் துணி துவைத்தால் சுருங்கக் கூடாது என்பதற்காக அதை ஆலையிலேயே சூடு காட்டி நிலைப்படுத்திவிடுகிறார்கள். விமானத் துணிக்கு வேண்டியது நேர்மாறானது. அது சுருங்க வேண்டும். அதனால் அந்தச் சூட்டைக் காட்டாமல், தறியிலிருந்து வந்த நிலையிலேயே விற்கிறார்கள். சட்டத்தில் ஒட்டிய பிறகு முதலில் சுமார் 120 டிகிரி செல்சியஸ், முடிவில் 177 டிகிரி என்று படிப்படியாகச் சூடு வைத்தால், தொளதொளவென்று இருந்த துணி முரசுத் தோல்போல இறுகும். சூடு எல்லை மீறினால் பிடிப்பு போய்விடும், பிறகு திரும்பாது. அதற்காகவே இஸ்திரிப் பெட்டியை வெப்பமானி வைத்துச் சரிபார்த்த பிறகு வேலையைத் தொடங்குகிறார்கள். சட்டைத் துணியை இப்படி இறுக்க முடியாது. முயன்றால் பணமும் உழைப்பும் வீண்.

துணி வாங்குவது பாதிக் கதைதான். சட்டத்தில் ஒட்டும் பசை, நூலிழைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும் முதல் பூச்சு, வெயிலைத் தடுக்கும் நடுப் பூச்சு, மேலே நிறம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு முறை. துணியைத் தேர்வு செய்கிறோம் என்று நினைப்பவர் உண்மையில் இந்தப் பரிவாரத்தைத் தேர்வு செய்கிறார். ஒவ்வொன்றுக்கும் மும்பையில் ஒரு சோதனை காத்திருக்கிறது.

பழைய வழி 'டோப்'. செல்லுலோஸ் கரைசல். முதலில் நைட்ரேட், அதன் மேல் பியூட்டிரேட். செய்து பழகியவர்கள் அதன் பளபளப்பை விட மாட்டார்கள். ஆனால் நைட்ரேட் டோப் பயங்கரமாகத் தீப்பிடிக்கும். அடுக்குமாடியிலோ நெருக்கமான தாராவிக் கொட்டகையிலோ அதை டின் டின்னாக வைத்திருப்பது தன் உயிரோடு அடுத்த வீட்டு உயிரையும் பணயம் வைப்பது. தவிர, ஈரக்காற்றில் பூசினால் டோப் வெளுத்து வெண்படலம் கட்டும். பூச்சின் பலமும் குறையும். மும்பையில் மழைக்காலம் முழுக்க டோப் டின்னைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வினைல் வகை. அமெரிக்காவின் ரே ஸ்டிட்ஸ் உருவாக்கிய பாலி-ஃபைபர் இந்த ரகம். காய்ந்த பிறகு எளிதில் தீப்பற்றாது, பிற்பாடு ரிப்பேர் செய்வதும் சுலபம். ஆனால் கரைப்பான்களின் நெடி தலை சுற்ற வைக்கும். காற்றோட்டமும் நல்ல முகமூடியும் கட்டாயம். தண்ணீரில் கரையும் முறைகளும் வந்துவிட்டன. நெடியும் தீ பயமும் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் காய மறுக்கும். பொறுமையில்லாதவர் இரண்டாவது பூச்சை அவசரமாக ஏற்றினால் எல்லாம் கெடும். கடைசியாக ஜெர்மனியின் ஓராடெக்ஸ் போன்றவை. பூச்சு, நிறம் எல்லாம் ஆலையிலேயே முடிந்து சுருளாக வரும். ஒட்டி, சூடு காட்டினால் போதும், பெயின்ட் வேலை இல்லை. இடமில்லாத மும்பைக்காரருக்கு ஆசை காட்டுவது இதுதான். விலையைக் கேட்டால் ஆசை கொஞ்சம் அடங்கும்.

நான்குமே ஒழுங்காகச் செய்தால் பறக்கின்றன. எது சிறந்தது என்று விடிய விடியச் சண்டை போடலாம். அந்தச் சண்டையில் மறந்து போவது ஒன்று. ஆபத்து இவற்றில் எதிலும் இல்லை. ஒன்றின் பசையையும் இன்னொன்றின் பூச்சையும் கலப்பதில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி சொல்ல ஸ்டீவ் விட்மேனைவிடப் பெரிய பெயர் கிடையாது. தானே விமானம் செய்து தானே பந்தயத்தில் பறந்தவர். அவர் வடிவமைத்த 'டெய்ல்விண்ட்' விமானத்தை எத்தனையோ பேர் வீட்டில் கட்டினார்கள். வீட்டு விமானக்காரர்கள் ஆண்டுதோறும் திரளும் ஆஷ்காஷ் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1995 ஏப்ரல் 27 அன்று, 91 வயதில், மனைவி பாலாவுடன் தான் கட்டிய விமானத்தில் ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குப் பறந்தபோது, அலபாமா மாநிலத்தில் விமானம் வானத்திலேயே உடைந்தது. இருவரும் இறந்தார்கள். விசாரணை அதிகாரிகள் இறக்கையின் துணியில் வந்து நின்றார்கள். ஒட்டுப்பலகை மேல் போர்த்திய பாலியஸ்டர், கையேடு சொன்ன பூச்சால் ஒட்டப்படாமல் நைட்ரேட் டோப்பால் ஒட்டப்பட்டிருந்தது. பிடிப்பு விட்டு துணி பெயர்ந்தது. இறக்கையும் அதன் ஓரத்து அசையும் பலகையும் படபடவென்று அதிர்ந்து சிதறின. துணியில் குற்றமில்லை, டோப்பிலும் குற்றமில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியம். அவ்வளவுதான்.

எழுபது ஆண்டு அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், முதல் விமானம் கட்டுபவர் எங்கே நிற்கிறார்?

மும்பையில் இந்தப் பாடம் தொண்டையில் இறங்குவது கஷ்டம். இந்த நகரமே மாற்றுப் பொருளால் வாழ்கிறது. ஒரு பாகம் கிடைக்கவில்லையா, தாராவியில் இன்னொன்றை அறுத்து, காய்ச்சி, தட்டிப் பொருத்திவிடுவார்கள். தூக்கி எறிந்த பிளாஸ்டிக்கை மறுபடி பொருளாக்குகிற அந்தச் சாமர்த்தியம் சாதாரணமானதல்ல. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. கேரளத்தின் தொடுபுழாவைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேசாத சஜி தாமஸ் கிடைத்த பாகங்களைச் சேர்த்தே இருவர் விமானம் கட்டினார். 2014-ல் அது பறக்கவும் செய்தது. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் குணம் இல்லாவிட்டால் இங்கே யாரும் விமானம் கட்டத் தொடங்கவே மாட்டார்கள். அந்தக் குணத்தைத் துணி போர்த்தும் நாளில் கழற்றி வைக்க வேண்டும். பசை தீர்ந்துவிட்டால் அதே பசை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்" என்று நீட்டும் டின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம் என்று திரும்ப வேண்டும்.

ஆகவே மும்பையில் தேர்வு தலைகீழாகத் தொடங்குகிறது. எது உயர்ந்தது என்று பட்டியல் போடுவதற்கு முன், எது முழுசாக வந்து சேரும் என்று பார்க்க வேண்டும். தீப்பிடிக்கும் திரவங்களை சாதாரண பார்சலாக விமானத்தில் அனுப்ப முடியாது. கப்பலில் வந்து, சுங்கத்தில் நின்று, கைக்கு வரும்போது டின்னில் எழுதிய கெடு முடிந்திருக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் உண்டா, கேஸ் அடுப்பு எவ்வளவு தூரம் என்பது அடுத்த கேள்வி. மாதம் எது என்பது மூன்றாவது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று ஓரளவு வறண்டிருக்கும். அதை விட்டால் ஒரு வருடம் தள்ளிப் போகும். விமானத்தைப் பார்வையிட வரும் இன்ஜினியருக்கு எந்த முறை தெரியும் என்பது நான்காவது. நிறமும் பளபளப்பும் இவற்றுக்குப் பிறகுதான்.

முறை முடிவானதும் இறக்கையில் கை வைப்பதில்லை. அதே குழாயில், அதே மரத்தில் சின்னதாக ஒரு சட்டம் செய்து, அதில் ஒட்டி, சுருக்கி, தைத்து, பூசி, காய்ந்ததும் பிய்த்துப் பார்க்க வேண்டும். துணியை விலாக்கம்புகளோடு சேர்த்துக் கட்டும் தையலும் பழக வேண்டும். பறக்கும்போது இறக்கையின் மேல் பக்கத் துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சுகிறது, அதைப் பிடித்து நிறுத்துவதில் பசைக்குத் துணை அந்த மெழுகு நூல் முடிச்சுகளே. ஒவ்வொரு அறையின் தாழ்ந்த மூலையிலும் தண்ணீர் வடிய ஒரு துளை விட வேண்டும். மும்பை மழை எங்கேயாவது புகுந்தே தீரும்.

துணி ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் வெல்டிங்கும் ஆணியும் கம்பியும் வருடக்கணக்கில் கண்ணில் படாது. அதனால் அனுபவசாலிகள் போர்த்துவதற்கு முன்தினம் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, போட்டோ எடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறார்கள். வேறு ஒருவரைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள். பசை டின்னை அதற்குப் பிறகுதான் திறக்கிறார்கள்.