செம்பனைக்கும் கித்தாவுக்கும் நடுவே – 3: மந்தினில் முதல் ஆட்டம்

நெகிரி செம்பிலானில் பொழுது தாமதமாகத்தான் புலரும். 1982 சனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் காலை ஏழு மணிக்கும் மந்தின் மலைகளின் மேல் முழு வெளிச்சம் இருக்காது. எங்கள் குழுவின் முதல் நால்வர் 7.30க்குப் பந்தை அடித்தாக வேண்டும். ஆறரைக்கே வந்துவிட்டவர்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, விளக்கொளியில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ வாங்கிவந்த நாசி லெமாக் பொட்டலங்கள் கைமாறின. பசியாறல் அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஆட்டம் ஸ்டாஃபீல்டில். ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகள், மொத்தம் 27 குழிகள் உள்ள மைதானம். கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். இது முன்பு ரப்பர் காடு. தரையைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கும் சமதளம் இல்லை. ஏறி இறங்கி, மறுபடி ஏறுகிறது. கித்தா நடுவதற்கு இந்தச் சரிவு தடையில்லை, படிபடியாக வெட்டி நட்டுவிடலாம். மழைநீரும் வேரில் தேங்காமல் வழிந்துவிடும். கோல்ஃப் ஆடுபவருக்கோ நின்ற இடத்தில் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் இருக்கும். புல்லும் நம் வெப்பத்துக்கு ஏற்ற அகன்ற இலைப் புல். பந்து அதில் அமிழ்ந்து உட்காரும். மலேசியாவில் ஆடிப் பழகியவர்கள் பந்தைத் துடைத்தெடுப்பதில்லை, மேலிருந்து குத்தி எடுக்கிறார்கள்.

நாங்கள் இருபத்துநான்கு பேர், நால்வர் நால்வராக ஆறு ஃபிளைட். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகப்பேறு மருத்துவர், இரண்டு வழக்கறிஞர்கள், காப்புறுதி முகவர்கள், சொந்தமாக லாரி ஓட்டிப் பின் லாரிகள் வாங்கியவர், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். பாதிக்கு மேற்பட்டவர்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்த மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். தொழில்முறையில் எம். இராமையா, பி. குணசேகரன் போன்றவர்கள் முந்தைய தலைமுறையிலேயே ஆசியப் போட்டிகளில் ஆடியதைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த வயதினர் இவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது குரலில் இன்றும் ஒரு சொந்தம் தெரியும்.

இப்படி வெவ்வேறு திறமுள்ளவர்கள் ஒரே போட்டியில் எப்படி மோதுவது என்று கோல்ஃப் ஆடாத வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் என்று ஓர் எண் உண்டு. திறமை குறைந்தவருக்கு எண் கூடும். அந்த அளவுக்கு அடிகள் அவருக்குச் சலுகை. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை. ஆண், பெண் இருவருக்கும் உச்ச எண் 54. சலுகை அடிகளைக் கடினமான குழிகளில் முதலில் பகிர்ந்து கொடுப்பார்கள். புள்ளி கணக்கிடும் முறையை ஃபிராங்க் ஸ்டேபில்ஃபோர்ட் என்ற ஆங்கில மருத்துவர் வகுத்தார். 1932இல் வாலசி கிளப்பில் அது போட்டிக்கு வந்தது. கடற்காற்றில் ஒரு குழியில் பத்து, பன்னிரண்டு அடி அடித்துவிட்டு மனம் நொந்து போகிறவர்களுக்காகவே அப்படி யோசித்தார். ஒரு குழி பாழானால் அங்கே பூஜ்யம், அவ்வளவுதான். அடுத்த குழிக்குப் புதிதாகப் போகலாம்.

காலையில் என் கண்முன் நடந்ததைச் சொன்னால் விளங்கும். நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி, கடினத்தில் மூன்றாவது. மருத்துவரின் ஹேண்டிகேப் 9. ஐந்து அடியில் முடித்தார். ஓர் அடி சலுகை, ஆக நான்கு, குழிக்கு உரிய அளவு: இரண்டு புள்ளி. லாரி அண்ணனின் ஹேண்டிகேப் 22. அவர் ஆறு அடியில் முடித்தார். அந்தக் குழியில் அவருக்கு இரண்டு அடி சலுகை, ஆக நான்கு: அவருக்கும் இரண்டு புள்ளி. இருவரும் அட்டையில் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடந்தார்கள். வாழ்க்கையில் தொடங்கிய இடம் வேறு வேறு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடு கொடுத்த பிறகே போட்டியைத் தொடங்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து அதிகமில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து மேலே வந்த காலத்தில் யாரும் இப்படி அடி கழித்துக் கொடுக்கவில்லை.

பின் ஒன்பதில் ஒரு குழியின் வலப்பக்கம் முழுக்க வெள்ளைக் கம்புகள். அதற்கு அப்பால் செம்பனை. அந்தப் பக்கம் போன பந்து ஆட்டத்தில் சேராது. ஓர் அடி தண்டத்தோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். துறைமுகத் தம்பியின் பந்து வளைந்து வளைந்து அங்கேதான் போனது. கோட்டுக்கு உள்ளே நின்றிருக்குமோ என்று தேடப் புறப்பட்டார். தேட மூன்று நிமிடம் அனுமதி உண்டு.

"தம்பி, மட்டை குவிச்சிருக்கிற பக்கம் போவாதீங்க. நாகம் இருக்கும்," என்று லாரி அண்ணன் கத்தினார்.

அவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. உதிர்ந்த செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலியைக் கட்டுப்படுத்தவே பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். வெட்டிய மட்டைகளை நிரைக்கு இடையே அடுக்கிவைப்பது மண் அரிக்காமலிருக்க. அந்த அடுக்கின் அடியில்தான் எல்லாம் தங்கும். தம்பி திரும்பி வந்து வேறு பந்தை எடுத்தார்.

பதினோராவது குழி முடிந்தபோது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆட்டம் நின்றது. ஓடு வேய்ந்த சிறு கொட்டகைக்குள் இரண்டு ஃபிளைட் ஆட்களும் ஒதுங்கினோம். மழை தகரத்தில் அடிப்பதுபோல் அடித்தது. அங்கேதான் ஆசிரியர் ஐயா பேசத் தொடங்கினார்.

"இந்த நேரத்துல மழை வந்தா எங்க அம்மா வாசல்ல நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க," என்றார்.

மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது, பட்டை மேல் பரவி வழிந்துவிடும். வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் கெடும். விடிவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே பிரட்டுக் களத்தில் இருட்டிலேயே பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. மழைக்காலத்தில் தோட்டக் கடைக் கணக்குப் புத்தகம் தடித்துக்கொண்டே போகும். ஐயாவின் அம்மாவுக்கு வெட்டு முடிந்தாலும் வேலை முடியாது. காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி மாட்டிப் பாலைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். இதே போன்ற மேட்டிலும் பள்ளத்திலும்தான் அந்தச் சுமை. ஐயா வெளியே கையைக் காட்டினார். நாங்கள் நடந்து வந்த ஃபேர்வே மழையில் பளபளத்தது.

லாரி அண்ணன் சிறுவயதில் பள்ளி விட்டதும் ஒரு கிளப்பில் பை தூக்கியவர். வெள்ளைக்காரத் துரைகளின் காலம் முடிந்து, உள்ளூர்த் துரைகள் வந்த சமயம். பந்து எங்கே விழுந்தது என்று கண்ணால் பிடித்துவைப்பதே அவர் வேலை. அந்தக் கண் இன்றும் அவரிடம் இருக்கிறது. எங்கள் ஃபிளைட்டில் யாருடைய பந்து எங்கே போனாலும் முதலில் அவர்தான் காட்டினார். கோல்ஃப் மட்டையைச் சொந்தமாக வாங்கியது நாற்பது வயதுக்கு மேல். அன்று அவர் எடுத்தது 38 புள்ளி. 36 எடுத்தாலே தன் அளவுக்கு ஆடிவிட்டதாகப் பொருள். முதல் நாள் முடிவில் அவரே முன்னணி.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிரம்பான் வழியாகப் போர்ட்டிக்சனுக்கு. நேர்வழி இருந்தும், ரந்தாவ் பக்கம் சுற்றிப் போகலாம் என்று எல்லோருமே சொன்னார்கள். லின்சம், சிலியாவ், அத்தர்டன், பிராட்வால், சுவா பெத்தோங் என்று இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைக் கேட்டாலே தோட்டங்களின் வரைபடம் கிடைத்துவிடும். நீலாய்ப் பக்கம் கெய்ரோ, சிரம்பானில் சங்காய் என்றுகூடத் தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891இலேயே ரயில் ஓடியது. முதலில் ஈயத்துக்கு, பிறகு ரப்பருக்கு. இப்போது அந்தப் பாதையில் பயணிகள் ரயில் இல்லை. சாலையின் இருபக்கமும் ரப்பர் மிகக் குறைவு, செம்பனைதான். சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள். காரில் ஆசிரியர் ஐயா தம் அப்பா மாதம் பத்து வெள்ளி கட்டியதைச் சொன்னார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960இல் அப்போதைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் அந்தப் பணம். தொழிலாளியின் சந்தாவைக் கொண்டே தோட்டத்தை வாங்கிய சங்கம் அது. உழைத்த நிலம் உழைத்தவனுக்கே என்று மேடையில் பேசியவர்கள் பலர். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிக் காட்டியவர்கள் அந்த எளிய மனிதர்கள்.

இரவு கடலோர விடுதியில் சிறு பரிசுகள் வழங்கினார்கள். கொடிக்கு மிக அருகில் பந்தை நிறுத்தியவருக்கு, நீளமாக அடித்தவருக்கு என்று நான்கைந்து. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு பரிசும் குழுவில் ஒருவர் பிறந்த தோட்டத்தின் பெயரில் இருக்கும். பெயருக்கு உரியவரே எழுந்து, அந்தத் தோட்டம் எங்கே இருந்தது, யார் யார் இருந்தார்கள், கோயில் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுத்தான் பரிசைக் கொடுப்பார். இன்று லயங்கள் இல்லாத தோட்டங்களும் அதில் உண்டு.

இதை எங்கள் குழு மட்டும் செய்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். தோட்ட நிலத்தில் எழுந்த ஒவ்வொரு மைதானமும் தன் ஆட்ட அட்டையில், முதல் குழியின் பலகையில், அந்தத் தோட்டத்தின் பெயரையும் அங்கே பால் வெட்டிய மக்களையும் குறிப்பிட வேண்டும். குழியின் நீளத்தை மீட்டர் கணக்கில் எழுத இடம் இருக்கிறது. இதற்கும் ஒரு வரி இடம் இருக்கும். கேட்டுப் பெற வேண்டியவர்கள் உறுப்பினர்களாகிய நாம்தான், கேட்க இப்போது நமக்கு உரிமையும் இருக்கிறது.

அன்றிரவு மருத்துவர் நீள அடிப் பரிசை வாங்கினார். லின்சம் பெயரிலான பரிசு அது. லாரி அண்ணன் எழுந்து, தம் அம்மா எத்தனையாவது நிரையில் வெட்டினார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் கடந்தும் யாரும் மணியைப் பார்க்கவில்லை.

ஞாயிறு ஆட்டத்துக்கான ஃபிளைட் பட்டியலை அதன் பிறகுதான் ஒட்டினார்கள். 38 புள்ளியோடு லாரி அண்ணன், 37 புள்ளியோடு மருத்துவர், 35இல் ஆசிரியர் ஐயா, நான்காவதாக நான். கடைசி ஃபிளைட், காலை 8.10, போர்ட்டிக்சன்.

(தொடரும்)