கன்னத்தில் வழிந்த நீர்

ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி முடித்தவருக்குத்தான் வால்பாறைக் குளிர்காற்றின் அருமை விளங்கும். சென்ற தை மாதத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாமும் அங்கே சென்றோம். தேயிலைத் தோட்டங்களின் நடுவே பஸ் திடீரென்று நின்றது. சற்றுத் தொலைவில், சாலையோரமாக, தந்தம் நீண்ட ஒற்றைக் களிறு ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பஸ்ஸைப் பின்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு, "யாரும் சத்தம் போடாதீங்க, அதுவாப் போகட்டும்" என்றார்.

களிற்றின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கறுத்த நீர்க்கோடு ஒன்று கன்னத்தில் வழிந்திருந்தது.

"ஸார், யானை அழுவுதுங்களா?" என்று கேட்டான் ஒரு பையன்.

அழவில்லை, அது மதநீர். நம் முன்னோர் 'கவுள்' என்று பெயரிட்ட அவ்விடத்தில், தோலுக்கடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. வயது வந்த களிற்றுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, அது பெருகி வழியும். சிறுநீரும் சொட்டிக்கொண்டேயிருக்கும். ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன் அக்காலத்தில் இரத்தத்தில் பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது.

அந்தச் சுரப்பு பிறக்கும் இடம் விதைகள். காங்கேயம் காளைகளைப் பார்த்து வளர்ந்த நம் பையன்களுக்கு, விதை என்றால் உடலுக்கு வெளியே தொங்குவது என்றுதான் தெரியும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அப்படித்தான். விந்து உண்டாவதற்கு உடற்சூட்டைக் காட்டிலும் சற்றுக் குறைந்த சூடு வேண்டும். யானைக்கோ விதைப்பையே கிடையாது! இரண்டு விதைகளும் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகங்களின் அருகில், ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன. யானைக்குத் தூரத்து உறவான, நமது பாக் நீரிணையில் மேயும் கடற்பசுவுக்கும் அவ்வாறே. ஆகையால், ஏரில் பூட்டக் காளையைக் காயடிப்பது போலக் களிற்றை அடக்குவது எளிதன்று. டாப்ஸ்லிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமில் தலைமுறை தலைமுறையாக யானையோடு பழகிய மலசர் பாகர்களும், மதங்கொண்ட களிற்றைத் தனியே சங்கிலியிட்டு, மதம் தணியும்வரை காத்திருக்கவே வேண்டும்.

மதம் பைத்தியமும் அன்று, நோயும் அன்று. பிடி யானை ஏறத்தாழ 4 மாதங்களுக்கு ஒரு முறை, அதுவும் சில நாட்களே, கருவுறும் நிலையில் இருக்கும். கருவுற்றாலோ கிட்டத்தட்ட 22 மாதங்கள் சுமக்கும். அந்த அரிய நாட்களைத் தேடித் தனியே அலையும் களிற்றுக்கு, மற்றக் களிறுகளை விலகச் செய்யும் மிடுக்கை மதம் தருகிறது. தந்தமில்லாத மக்னாவுக்கும் இது உண்டு. ஆப்பிரிக்க யானைக்கு மதமே இல்லையென்று மேனாட்டார் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கென்யாவில் ஆராய்ந்த ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் என்ற இரு பெண்மணிகளே உண்டென்பதை 1981-ல் எடுத்துக் காட்டினர்.

காட்டை அழித்துத் தேயிலை நட்ட வால்பாறையில் யானையின் வழியும் நம் வழியும் ஒன்றாகிவிட்டன. யானை அருகிலிருப்பதை அறிவிக்கச் சிவப்பு விளக்குகள் அமைத்திருக்கிறார்கள். கைப்பேசியிலும் செய்தி வருகிறது. ஆயினும் 2025 பிப்ரவரியில், யானை நின்ற சாலையை மோட்டார் சைக்கிளில் கடக்க முயன்ற வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர் உயிரிழந்தார். கன்னத்துக் கோட்டைப் படிக்கத் தெரிவது இங்கே வெறும் பாடமன்று, உயிர்க்காப்பு.

முக்கால் மணி நேரம் கழித்துக் களிறு சரிவில் இறங்கி மறைந்தது.

"அப்போ அது பெண் பார்க்கப் போகுதுங்களா, ஸார்?" என்றான் பையன்.

கண்டக்டர் சிரித்தார். "ஆமாந் தம்பி! நம்ம அவசரம் அதுக்குத் தெரியுமா? நாமதான் ஒதுங்கி நிக்கோணும்."

வால்பாறையை அடையும்போது இருட்டிவிட்டது. தாமதத்தைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை.