அரை இடம் தள்ளி

எதிரே நின்று எடுத்த படமல்ல அது. கேமரா மேடைமேலேயே ஏறி, வாசிப்பவர்களின் முழங்கால்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே திரிகிறது. 1981இல் வெளிவந்த 'டான்ஸ் கிரேஸ்' என்ற கச்சேரிப் படம். கவென்ட்ரி நகரத்து 'தி ஸ்பெஷல்ஸ்' குழு வருகிற பகுதிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் ஏழு பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் குதிக்கிறார்கள்.

அந்த ஒருவர் டெரி ஹால், குழுவின் பாடகர். இருபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. மைக்கைப் பிடித்தபடி நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபம் என்றும் சொல்ல முடியாது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்களிடம் இப்படியொரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் அத்தனை ஆட்டம் நடக்கும்போது அவருடைய கண் மட்டும் கூட்டத்தில் யாரையோ தேடுகிறது. பாட்டு அவர் வாயிலிருந்து வருகிறது என்பதே உதடு அசைவதால்தான் தெரிகிறது.

அவர் பக்கத்தில் நெவில் ஸ்டேபிள். ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர். குழுவோடு முதலில் சேர்ந்தது பாடுவதற்கு அல்ல, சாமான்களை ஏற்றி இறக்க. 1978இல் 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவுக்குத் தொடக்க நிகழ்ச்சி நடத்தி ஊர் ஊராகப் போன நாட்களில், மைக் கைக்கு எட்டியபோது பாட்டுக்கு நடுவே ஜமைக்கா பாணியில் தாளத்தோடு பேச ஆரம்பித்தார். பிறகு அவரை மேடையிலிருந்து இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. படத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் மேடை விளிம்புக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறார். டெரி ஹால் அசையாமல் நிற்பதால் நெவிலின் ஓட்டம் இன்னும் வேகமாகத் தெரிகிறது. நெவில் ஓடுவதால் ஹாலின் நிலை இன்னும் உறைந்து தெரிகிறது. இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதுதான் இந்தக் குழுவின் பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்கனுக்குப் பின்னால் இருப்பவர் ஜெர்ரி டாமர்ஸ். முன்பற்கள் இல்லாத வாயோடு வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார். குழுவை உருவாக்கியவர், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் அவர்தான். ஒரு பாதிரியாரின் மகன். பிறந்தது 1955இல், நம் ஊட்டியில். கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. நீலகிரிக்கும், இந்தக் குழு வாசிக்கும் ஸ்கா என்ற ஜமைக்கா இசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் திரையில் வரும்போதெல்லாம் ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

இப்போது லின்வல் கோல்டிங்கின் கைகள். இவரும் ஜமைக்காக்காரர், கிட்டார் வாசிப்பவர். கேமரா நெருங்கும்போது அவர் வலது கையைக் கவனித்தால் ஸ்கா என்றால் என்னவென்று ஒலி இல்லாமலேயே புரிந்துவிடும். கை கீழே இறங்கும்போது தந்தியைத் தொடுவதில்லை, மேலே ஏறும்போதுதான் உரசுகிறது. இடது கை விரல்கள் அழுத்திய மறுகணமே தளர்ந்துவிடுகின்றன. அதனால் ஒலி நீளாமல் நறுக்கென்று அறுபடும். நம் கச்சேரியில் பாட்டு அரை இடம் தள்ளி எடுக்கும்போது, தொடையில் விழுந்த கைக்கும் வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் நடுவே ஒரு சின்ன வெற்றிடம் இருக்குமே, ஸ்கா கிட்டார் வாழ்வது முழுக்க அந்த வெற்றிடத்தில்தான். தாளம் விழுகிற இடத்தில் கிட்டார் இருக்காது. அடுத்த அரையில் வந்து தட்டிவிட்டுப் போகும். கால் தரையிலிருந்து தானாக எழுவது அதனால்தான்.

இந்தத் தாளம் ஜமைக்காவில் 1950களின் கடைசியில் உருவானது. அந்நாடு விடுதலை பெற்ற 1962இல் கிங்ஸ்டன் தெருக்களில் அதுதான் கேட்டது. பிழைப்புத் தேடி பிரிட்டனுக்குக் கப்பல் ஏறிய குடும்பங்களோடு இசைத்தட்டுகளும் வந்து சேர்ந்தன. கவென்ட்ரி கார் தொழிற்சாலைகளின் ஊர். 1940 நவம்பரில் ஜெர்மானிய குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி எரிந்து, பிறகு கான்கிரீட்டில் எழுந்தது. வேலை இருந்தவரை கரீபியன் குடும்பங்களும் பஞ்சாபிக் குடும்பங்களும் வெள்ளையர்களோடு ஒரே தெருக்களில் குடியிருந்தன. 1970களில் வேலை சுருங்கத் தொடங்கியதும், வந்தேறிகளை வெளியே அனுப்பு என்று கூவிய 'நேஷனல் ஃப்ரன்ட்' கட்சிக்கு ஆள் சேர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் கறுப்பரும் வெள்ளையருமாக ஏழு பேர், ஒரே மாதிரிக் கோட்டும் தொப்பியுமாக ஒரே மேடையில் ஏறினார்கள்.

கையில் பணம் கிடையாது. முதல் பாட்டான 'கேங்ஸ்டர்ஸ்' கடன் வாங்கிப் பதிவானது. தட்டின் மறுபக்கத்துக்கு இன்னொரு பாட்டைப் பதிவுசெய்யக் காசு தீர்ந்துபோகவே, ஊர்க்கார நண்பர் ஒருவர் முன்பே பதிந்து வைத்திருந்த வாத்திய இசையை வாங்கிப் போட்டார்கள். பெரிய கம்பெனிகள் தேடி வந்தபோது டாமர்ஸ் போட்ட நிபந்தனை, 'டூ டோன்' என்ற எங்கள் சொந்த லேபிளில்தான் வெளியிடுவோம் என்பது. கிரிசாலிஸ் நிறுவனம் ஒத்துக்கொண்டது. லேபிளின் அடையாளம், கறுப்புக் கோட்டும் குட்டைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து நிற்கும் ஒரு கோட்டோவிய மனிதன். ஜமைக்கா இசைக்கலைஞர் பீட்டர் டாஷின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து டாமர்ஸ் வரைந்தது. பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். தங்கள் பாட்டோடு நிறுத்தாமல் 'மேட்னஸ்', 'தி செலக்டர்', 'தி பீட்' ஆகிய குழுக்களுக்கும் முதல் வாசலைத் திறந்துவிட்டது அந்த லேபிள். இந்தப் பெருந்தன்மையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் ஆல்பம் 1979 அக்டோபரில் வந்தது. அட்டையில் ஏழு பேரும் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள், மாடியில் நிற்கும் யாரையோ கூப்பிட வந்தவர்கள் போல. தயாரித்தவர் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ. அவரே அப்போது இளைஞர்தான். லண்டன் ஃபுல்ஹமில் ஒரு சிறிய ஸ்டூடியோவில், மேடையில் இருந்த வேகத்தை மெருகு போட்டுக் கெடுத்துவிடாமல் பிடித்துவைக்கப் பார்த்தார். பதினான்கு பாட்டுகள். ஜான் பிராட்பரியின் டிரம்ஸ் சொரசொரப்பாக இருக்கிறது. பேச்சுக்குரல்கள் பாட்டுக்குள் தலை நீட்டுகின்றன. ஹோரஸ் பான்டரின் பேஸ் கிட்டார் மட்டும் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சிதறியிருக்கும். ராடி பையர்ஸின் முன்னணிக் கிட்டார் பங்க் இசையின் கோபத்தைக் கொண்டுவருகிறது. இன்றைய பதிவுகளின் வழவழப்பில் பழகிய காதுக்கு முதலில் முரடாகத் தோன்றலாம். எனக்கு அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும்.

ஐந்தாவது பாட்டுக்கு வரும்போது வேகம் குறைகிறது. தோலின் நிறத்தைக் காட்டி ஒருவனை வெறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்று சொல்கிற பாட்டு. டெரி ஹால் அதைப் பிரசங்கமாகப் பாடவில்லை, அதே தட்டையான குரலில், ஏற்கெனவே அடி வாங்கிவிட்டவன்போலப் பாடுகிறார். அதைக் கேட்க வந்த கூட்டத்தில் மொட்டையடித்த இனவெறியர்களும் இருந்தார்கள். சண்டை மூண்டால் குழு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும். 1980இல் கேம்பிரிட்ஜில் அப்படிக் குறுக்கே புகுந்ததற்காக டாமர்ஸும் ஹாலும் கைதாகி அபராதம் கட்டினார்கள். அதே வருடம் லின்வல் கோல்டிங் லண்டனில் இனவெறியர்களால் அடித்து நொறுக்கப்பட்டார். அவர் எழுந்து வந்து, ஏன் என்று கேட்டு ஒரு பாட்டு எழுதினார். நாட்டை ஆட்டுவித்த கொண்டாட்டப் பாட்டுகள் இத்தனை அபாயத்தின் நடுவே பாடப்பட்டவை என்பதை மறந்துவிட்டு இந்த ஆல்பத்தை வெறும் நடன இசை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒலியைக் கூட்டிவிட்டு, ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுகிறேன். டிராம்போன் வருகிறது. சற்றே கரகரத்த, அவசரமில்லாத ஊத்து. வாசிப்பவர் ரிக்கோ ரொட்ரிகஸ். ஹவானாவில் பிறந்து, கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வாத்தியம் படித்தவர். ஜமைக்காவின் முன்னணிக் கலைஞர்கள் பலர் அங்கேதான் உருவானார்கள். 1961இல் இங்கிலாந்து வந்தார். 'எ மெசேஜ் டு யூ, ரூடி' என்ற இந்தப் பாட்டை 1967இல் டேண்டி லிவிங்ஸ்டன் முதன்முதலாகப் பதிவுசெய்தபோது டிராம்போன் ஊதியவரும் இவர்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தம் வயதில் பாதியே ஆன பையன்கள் அதே பாட்டை மறுபடி எடுத்தபோது, அவரைப்போல் ஊதத் தெரிந்த இன்னொருவரைத் தேடவில்லை. அவரையே அழைத்துவந்து, தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் அவர் மூச்சுக்கு இடம் கொடுத்தார்கள்.