நங்கநல்லூரில் ஒரு படகு

நங்கநல்லூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஞ்சநேய ஸ்வாமியைத் தரிசிப்பதற்காகவே வருகிறார்கள். ஒரே கல்லில் வடித்த 32 அடி உயர மூர்த்தி. 1995-ம் வருஷத்தில் கும்பாபிஷேகம் நடந்தது. தரிசனத்தை முடித்துக்கொண்டு, கையில் பிரசாதத்துடன் நமது தெரு வழியாகத் திரும்புகிறவர்கள் ஒரு புன்னை மரத்தடியில் சற்று நின்றுவிடுகிறார்கள். அங்கே இரண்டு சக்கர வண்டி ஒன்றின்மேல் ஒரு படகு உட்கார்ந்திருக்கிறது.

"ஏன் ஸார், இங்கே கடல் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார்.

"கடல் இல்லை, மழை இருக்கிறது" என்று சொன்னோம்.

அவர் சிரித்தார். ஆனால் இது வேடிக்கைப் பேச்சல்ல. மேற்கே ஜி.எஸ்.டி. சாலைக்குப் போக வேண்டுமானால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். பழவந்தாங்கல் சுரங்கப் பாதையும் தில்லை கங்கா நகர் சுரங்கப் பாதையும் பெருமழையில் குளங்களாகிவிடும். கிழக்கே வேளச்சேரி பள்ளத்தில் இருக்கிறது. 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது பக்கத்திலுள்ள விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அப்பொழுது கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து, நகரத்து ஜனங்களை மொட்டை மாடிகளிலிருந்து இறக்கிக் காப்பாற்றினார்கள். அந்தக் காட்சியை நேரில் கண்ட பிறகு, நமது தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பழைய பைபர் படகு ஒன்றை, அதை ஏற்றிச் செல்லும் வண்டியோடு, மறு வருஷமே வாங்கிவிட்டோம். அந்த வண்டியைப் பட்டறைகளில் 'டிரைலர்' என்பார்கள்.

படகை வாங்கியதோடு நமது கடமை தீர்ந்தது என்று நினைத்தோம். அதுதான் நாம் செய்த பிழை.

2023-ம் வருஷம் டிசம்பர் 4-ம் தேதி. மிக்ஜாம் புயலின் மழை இரவெல்லாம் கொட்டியிருந்தது. வேளச்சேரியில் தரைத்தளத்து வீட்டில் இருந்த நம் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எண்பது வயதுத் தாயாரைச் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய்ப் படகின்மேல் இருந்த தார்ப்பாயை விலக்கினோம். படகு புதிது போல இருந்தது. துடுப்புகள் இருந்தன, மிதவைச் சட்டைகள் இருந்தன. வண்டியைக் காரில் மாட்டி இழுத்தோம். இடது சக்கரம் சுழலவில்லை. கட்டையைப் போலத் தரையில் தேய்ந்துகொண்டே வந்து, பத்தடி தூரத்தில் நின்றுவிட்டது. பிறகு பால் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் படகை அதில் ஏற்றி அந்த வீட்டை அடைவதற்குள் நான்கு மணி நேரம் கழிந்தது. பாட்டியம்மாள் பிழைத்தார். நமக்கு மட்டும் அந்த நான்கு மணி நேரம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மழை விட்டதும் மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து சக்கரத்தைக் கழற்றச் சொன்னோம். ஹப்பின் மூடியைத் திறந்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறமாகக் குழம்பு போல ஏதோ வழிந்தது. பேரிங்கின் உருளைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

"இதைக் கடல் தண்ணியிலே இறக்குனீங்களா ஸார்?" என்று கேட்டார் அவர்.

இறக்கியது உண்மைதான். துடுப்புப் பழகுவதற்காக வருஷத்தில் ஒரு தடவை கோவளத்தை அடுத்த கழிமுகத்துக்குப் போவது நமது வழக்கம். அங்கே போய்ச் சேர்ந்ததும் வண்டியைப் பின்னோக்கித் தண்ணீரில் தள்ளிப் படகை மிதக்க விடுவோம். தவறு எங்கே என்பதை அவர் விளக்கினார். நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அந்த வெற்றிடம் ஆயில் சீலைத் தாண்டி உப்பு நீரை உள்ளே உறிஞ்சிவிடுகிறது. போன தண்ணீர் வெளியே வருவதில்லை. மரத்தடியில் மாதக்கணக்காக அசையாமல் நிற்கும் வண்டிக்குள் அது சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்கிறது. ஓடித் தேய்வதைக் காட்டிலும் நின்று துருப்பிடிப்பதே இத்தகைய வண்டிக்குப் பெரிய அபாயம்.

உதிரி பாகம் தேடி, மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் பிரயாணமானோம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, பரங்கிமலை, கிண்டி கடந்து, சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே பார்த்தோம். ஆறு பரம சாதுவாகப் படுத்திருந்தது. 2015-ல் பாலத்துப் போக்குவரத்தையே நிறுத்திய ஆறு இதுதான் என்றால் புதிதாகப் பார்க்கிறவர் நம்ப மாட்டார்.

எழும்பூரில் இறங்கி நடந்தால் புதுப்பேட்டை. கூவத்தின் கரையிலுள்ள இந்தப் பேட்டையில், ஆயுள் முடிந்த மோட்டார் வண்டிகள் அங்கம் அங்கமாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்த கடையில் விளக்குகள் மட்டும், இன்னொன்றில் ரேடியேட்டர்கள். நமது வண்டியின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை ஒடிந்திருந்தது. அந்தத் துண்டைக் கையில் வாங்கிய கடைக்காரர் இரண்டு விநாடிதான் பார்த்தார்.

"அம்பாஸடர் பின்பக்கத்துப் பட்டை" என்றார்.

அம்பாஸடர் கார் உற்பத்தி 2014-ம் வருஷத்தில் நின்றுவிட்டது. ஆனால் அவர் கடையின் பின்புறத்தில் அதன் பட்டைகள் விறகுக் கட்டு போல அடுக்கியிருந்தன. பேரிங்கும் வேண்டும் என்றோம்.

"பட்டை வேணும்னா எடுத்துக்குங்க ஸார். பேரிங்கை மட்டும் பழசா வாங்காதீங்க. அது எத்தனை ஊர் ஓடிச்சோ, யாருக்குத் தெரியும்? ஜி.பி. ரோடுக்குப் போங்க" என்றார் அவர். வந்த வியாபாரத்தை வேண்டாமென்று சொல்லிய அந்த நேர்மையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோடை ஒட்டியது. புதிய மோட்டார் சாமான்களுக்குப் பேர்போனது. அங்கே நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. நமது வண்டியைச் செய்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் துருவைத் துடைத்தபோது பேரிங்கின் விளிம்பில் 30206 என்ற எண் தெரிந்தது. இந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துவாரத்தின் அளவு வந்துவிடும்: 30 மில்லிமீட்டர். ஸ்வீடனில் செய்தாலும், ஜப்பானில் செய்தாலும், 1946-ல் நமது ஜெய்ப்பூரில் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தாலும் எண் ஒன்றே, அளவும் ஒன்றே. ஆகவே பழைய பேரிங்கைத் தூர எறியாமல் கையில் எடுத்துச் சென்றவனுக்குப் புதியது கிடைக்காமல் போவதில்லை. சீலையும் அவ்விதமே மூன்று அளவுகளைச் சொல்லி வாங்கலாம்: உள் விட்டம், வெளி விட்டம், கனம்.

டயரும் மாற்ற வேண்டியிருந்தது. மேலே பூ தேயவே இல்லை. ஆனால் பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2315 என்றால் 2015-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். வெயிலில் நிற்கும் வண்டியின் டயருக்குத் தேய்மானத்தை விட வயதே முக்கியம். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்து தொடங்கி, இன்று நாடெங்கும் டயர் விற்கும் கம்பெனியின் டயர் இரண்டு வாங்கினோம்.

கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று: காரின் குண்டுக் கொக்கியைக் கவ்வும் கிண்ணம். அது வெளிநாட்டுச் சாமான், 50 மில்லிமீட்டர் அளவு. நமது காரிலிருந்த குண்டோ 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். முக்கால் மில்லிமீட்டர் பேதந்தானே என்று இத்தனை வருஷமாக அடித்து உட்கார வைத்திருந்தோம். முழுதும் கவ்வாத கொக்கி, குழியில் வண்டி துள்ளும்போது கழன்றுவிடக்கூடும் என்று கேட்டபோது உடம்பு நடுங்கியது. கடைசியில் கிண்ணத்தையும் குண்டையும் ஒரே அளவில் ஜோடியாக வாங்கி மாற்றினோம். தேய்ந்துபோன அச்சு முனையை ஆதம்பாக்கத்து லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து கொடுத்தார்கள்.

திரும்பி வருகையில் நம் முன்னோரின் படகுகளை நினைத்துக்கொண்டோம். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன், கப்பலிலிருந்து மனிதர்களையும் மூட்டைகளையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரத்தையோ கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தோளில் சுமந்து போய் உலர்த்திவிடலாம். அதற்கு வண்டியும் வேண்டாம், பேரிங்கும் வேண்டாம். அதன் உதிரி பாகம் பக்கத்துத் தோப்பில் தென்னையாக நின்றது. பழுது பார்க்கும் வித்தை அதைச் செலுத்தியவன் கையிலேயே இருந்தது.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்குவதால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. அதன் உள்ளே என்ன இருக்கிறது, உடைந்தால் எங்கே கிடைக்கும், யார் பொருத்துவார் என்று அறிந்த அன்றுதான் அது நம்முடையதாகிறது. சுதேசி என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்பொழுது நமது தெருவில் ஒரு நியமம் ஏற்பட்டிருக்கிறது. கழிமுகத்துக்குப் போனால், சக்கரம் ஆறும் வரை அரை மணி நேரம் காத்திருந்து பிறகே வண்டியைத் தண்ணீரில் இறக்குகிறோம். விளக்குக் கம்பியை முதலில் பிடுங்கிவிடுகிறோம். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். வண்டியைக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, டயருக்குச் சாக்கு போர்த்துகிறோம். புரட்டாசி பிறந்ததும் ஹப்பைத் திறந்து பழைய கிரீஸை வழித்துப் புதியது அடைக்கிறோம். ஒரு ஜதை பேரிங்கும் சீலும், கிரீஸ் தடவி, காகிதத்தில் சுற்றி, படகுக்குள்ளேயே ஒரு டப்பாவில் இருக்கின்றன.

ஐப்பசி மாதத்தில் முதல் மழை பெய்யும் அன்று தெருப் பிள்ளைகள் புன்னை மரத்தடியில் கூடி, ஆளுக்கு ஒரு தடவை சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். கரகரப்பு இல்லாமல் அது சுற்றி நிற்கும் வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நாம் வீட்டுக்குள் போகிறோம்.