கை ஓங்கியது

ஆங்கிலத்தில் 'அப்பர் ஹாண்ட்' என்றொரு வழக்குண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மேற்கை' என்றாகும். போட்டியிலோ பிணக்கிலோ ஒருவருக்கு வாய்க்கும் மேலான நிலையையே அது குறிக்கும். அந்நிலையை அடைந்தமையைச் சொல்ல 'கெயின்' என்னும் வினையையும், அது கைவசம் இருப்பதைச் சொல்ல 'ஹாவ்' என்பதையும் முன்னே சேர்ப்பர். பேஸ்போல் ஆடும் சிறுவர் மட்டையின் பிடியை ஒருவர் கைக்குமேல் ஒருவர் கைவைத்துப் பற்றும் வழக்கத்திலிருந்து இது பிறந்ததென்று சிலர் கதை சொல்வர். அவ்வாட்டம் தோன்றுமுன்னரே, 15ஆம் நூற்றாண்டிலேயே, இத்தொடர் ஆங்கிலத்தில் வழங்கியது. ஆதலின் அக்கதையை நாம் பொருட்படுத்துவதில்லை.

இத்தொடரைக் காணுந்தோறும் நமக்கு ஒரு நாணம் உண்டாகும்.

நாம் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், இது அமைந்த வாக்கியம் ஒன்றைத் தமிழாக்குமாறு மாணவருக்குக் கொடுத்தோம். பெரும்பாலார் 'வெற்றி பெற்றான்' என எழுதினர். நாமும் அதனையே சரியெனக் கொண்டோம். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் 'அவன் கை ஓங்கியது' என்று எழுதியிருந்தான். அடிப்பதற்கல்லவா கை ஓங்குவர்! பட்டதாரி என்ற மிடுக்கில், வகுப்பார் சிரிக்கும்படி அதனை உரக்க வாசித்துச் சிவப்பு மையால் வெட்டினோம்.

அன்று மாலை நம் அன்னையார் அயலவரின் வேலி வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "பழைய உறுதி கிடைச்சிட்டுதாம், தம்பி. இனி அவையின்ர கைதான் ஓங்கும்" என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

நமக்குச் சுரீரென்றது. 'கை ஓங்கினான்' என்றால் அடிக்க முற்பட்டான். கையையே எழுவாயாக்கி 'கை ஓங்கியது' என்றால் பொருள் வேறு. அதுமட்டுமன்று, அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. உறுதி கிடைத்தவர் தோற்கவுங்கூடும். இடைவேளை வரையில் கை ஓங்கியிருந்த அணி ஈற்றில் தோற்பதை விளையாட்டிலும் காண்கிறோமல்லவா? ஆங்கிலத் தொடரும் முடிந்த வெற்றியைச் சொல்வதன்று. ஆகவே நாம் சரியிட்ட விடைகளே பிழை. வெட்டிய விடை ஒன்றே சரி.

மறுநாள் வகுப்பார் முன்னிலையில் அதனைச் சொல்லி, புள்ளியைத் திருத்திக் கொடுத்தோம். "நேற்றே ஏன் சொல்லவில்லை?" என்று அவனைக் கேட்டோம். அவன் எழுந்து, தலைகுனிந்தபடி, "சொன்னால் நீங்கள் கை ஓங்குவியளோ எண்டு பயந்திட்டன், சேர்" என்றான்.

மேசைமேற் கிடந்த பிரம்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்தோம்.